பொண்டாட்டின்னு எங்கய்யா இருக்கு?

2024 நவம்பர் 19-ஆம் தேதி என் டைம்லைன் முழுக்க ஒரே ஸ்கிரீன்ஷாட். எல்ஐசி இணையதளத்தின் முகப்பு, மேலிருந்து கீழ்வரை இந்தியில். சரி, மொழியை மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், மாற்றுகிற பட்டனும் இந்தியில். எல்ஐசி தளம் இந்தித் திணிப்பின் பிரசாரக் கருவியாகிவிட்டது என்று முதலமைச்சர் ஸ்டாலின் எழுதினார். எடப்பாடி பழனிசாமி கண்டித்தார். ராமதாஸ் கண்டித்தார். தமிழ்நாட்டில் இவர்கள் மூவரும் ஒரே நாளில் ஒரே விஷயத்தைச் சொல்வது அபூர்வம். எல்ஐசியும் சீக்கிரமே விளக்கம் கொடுத்துவிட்டது: தொழில்நுட்பக் கோளாறால் மொழிப் பக்கம் மாறாமல் நின்றுவிட்டது, சரிசெய்தாயிற்று, தளம் இப்போது ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்.

ஜெயித்துவிட்டோம் என்று மீம் போட்டுவிட்டுத் தூங்கப் போனோம். நானும் ரெண்டு போட்டேன்.

அந்த விளக்கத்தை இன்னொரு தடவை படியுங்கள். தளம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் கிடைக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று சொல்கிற வாக்கியத்திலேயே தமிழ் இல்லை. நாம் கோபப்பட்டது இந்தி வந்ததற்கு. ஆங்கிலம் திரும்பி வந்ததும் கோபம் அடங்கிவிட்டது. நத்தத்தில் இருக்கிற என் அத்தைக்கு முதல் நாள் புரியாத தளம், நடுவில் ஒரு நாள் வேறு லிபியில் புரியாமல் போய், மறுபடி பழைய லிபியில் புரியாமல் ஆனது. அவ்வளவுதான் நடந்தது. இதை வெற்றி என்று கொண்டாடியவர்களில் நானும் ஒருவன் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

நான் பிழைப்புக்கு இணையதளம் செய்கிறவன். கார்ப்பரேட் தளம் ஒன்றைப் புதுப்பித்தால் எங்கள் ஆட்கள் அதை எப்படி மதிப்பிடுவார்கள் என்று தெரியும். பக்கம் எத்தனை நொடியில் திறக்கிறது? மேலே பெரிய படம், அதில் சிரிக்கிற குடும்பம் இருக்கிறதா? வெள்ளை இடம் தாராளமாக விட்டிருக்கிறதா? மொபைலில் மெனு ஒழுங்காக மடங்குகிறதா? கீழ் மூலையில் சாட்பாட் எட்டிப் பார்க்கிறதா? எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு லிங்க்ட்இன்னில் ஒரு பதிவு. 'எக்சைட்டட் டு ஷேர்.' இந்தப் பட்டியலில் 'யாருக்குப் புரிகிறது?' என்ற கேள்வி வராது. புரியும் என்பதுதான் தொடக்கப் புள்ளி. எங்களுக்குப் புரிகிறதே.

அந்த இந்தி பட்டனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அரசியலை ஒரு நிமிஷம் ஓரமாக வைத்துவிட்டுத் தொழிலாகவே பார்த்தாலும் அது பால பாடத்தில் வரும் தப்பு. மொழியைத் தேர்வு செய்யும் இடத்தில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் லிபியில்தான் இருக்க வேண்டும். 'தமிழ்' என்பது தமிழில், 'മലയാളം' மலையாளத்தில். விக்கிப்பீடியா போய்ப் பாருங்கள், அப்படித்தான் இருக்கும். காரணம் ரொம்ப எளிது. அந்தப் பட்டனைத் தேடுகிறவர், அந்தப் பக்கம் இப்போது இருக்கிற மொழி தெரியாதவர். அவரிடம் அவருக்குத் தெரியாத மொழியில் 'மொழியை மாற்று' என்று எழுதி வைப்பது, பூட்டிய வீட்டுக்குள்ளேயே சாவியை வைத்துவிட்டு வருகிற வேலை.

கோளாறு என்று சொன்னார்களே, அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஆனால் கோளாறு வரும்போதுதான் ஒரு அமைப்பின் எலும்பு வெளியே தெரியும். எந்தத் தளத்திலும் 'எதுவும் வேலை செய்யவில்லையென்றால் இந்த மொழியைக் காட்டு' என்று ஏதோ ஒரு மொழி இருக்கும். அதை மழை வந்து முடிவு செய்வதில்லை, மனிதன்தான் முடிவு செய்கிறான். இத்தனைக்கும் நம் ப்ரௌசர் ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும், 'இவருக்கு இந்த மொழி வேண்டும்' என்று சர்வரிடம் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் கேட்கிறது. அந்த ஏற்பாடு 1990-கள் முதல் இருக்கிறது. போனைத் தமிழில் வைத்திருப்பவரின் ப்ரௌசர் பெரும்பாலும் 'டிஏ', அதாவது தமிழ் என்று சொல்லும். கேட்கிற காதுதான் அந்தப் பக்கம் கிடையாது.

அரசியலுக்கு வருவோம். ஒன்றிய அரசின் அலுவல் மொழி விதிகள் 1976-இல் வந்தன. அரசு அலுவலகங்களுக்கும் அரசுக்குச் சொந்தமான நிறுவனங்களுக்கும் இந்திப் பயன்பாட்டை வரையறுப்பவை அவை. அதன் முதல் விதியிலேயே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று இருக்கிறது. 1965-இல் தெருவில் இறங்கியவர்கள் வாங்கிக் கொடுத்த விலக்கு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அந்த விலக்கு நமக்குக் கொடுத்தது என்ன? இந்தி வேண்டாம் என்று சொல்லும் உரிமை. தமிழ் வேண்டும் என்று கேட்டு வாங்கும் வேலையை யாருக்கோ விட்டுவிட்டோம். எல்ஐசி பிறந்தது 1956-இல், 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சேமநிதிச் சங்கங்களையும் ஒன்றாக்கி. தமிழை ஆட்சிமொழியாக்கிய மாநிலச் சட்டமும் அதே 1956-ஆம் ஆண்டுச் சட்டம்தான். ரெண்டுக்கும் ஒரே வயசு. இத்தனை வருஷத்தில் ரெண்டும் ஒரு ஸ்கிரீனில் சந்திக்கவில்லை என்பது நமக்கு ஏன் ஒரு நாள்கூட உறுத்தவில்லை?

'எல்ஐசியில் யாருக்குப்பா வெப்சைட் வேணும், ஏஜென்ட் இருக்காரே' என்று கேட்பீர்கள். நியாயம். 13 லட்சத்துக்கும் அதிகமான ஏஜென்ட்டுகள் அந்த நிறுவனத்துக்கு இருக்கிறார்கள். எங்கள் தெருவில் டிவிஎஸ் 50-இல் வரும் ஏஜென்ட் அண்ணன்தான் எங்களுக்கு இணையதளம். டியூ தேதியை அவர் ஞாபகம் வைத்திருப்பார், பாரத்தை அவர் நிரப்புவார், பாண்டு தொலைந்தால் அவர் திட்டுவார். காகிதப் பாரத்தில் இன்னொன்றும் இருந்தது, கவனித்திருக்கிறீர்களா? கையெழுத்தைத் தமிழில் போட்டாலோ கைநாட்டு வைத்தாலோ, 'இதில் உள்ளதை இவருக்குப் படித்து விளக்கிச் சொன்னேன்' என்று இன்னொருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி நேரம் அது சும்மா போடுகிற கையெழுத்துதான். ஆனாலும் ஆங்கிலம் தெரியாத ஒருவர் இந்த உலகத்தில் இருக்கிறார், அவருக்கு யாராவது விளக்க வேண்டும் என்பதை அந்தக் காகிதம் ஒப்புக்கொண்டது. 'ஐ அக்ரீ' என்ற கட்டத்துக்கு அந்த வெட்கமும் இல்லை.

என் அத்தை கதையைச் சொல்கிறேன். அது எல்ஐசி இல்லை, ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் கதை மாறாது.

அத்தைக்கு நத்தத்தில் ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் வேலை. காஜா எடுத்துப் பட்டன் தைப்பார், பீஸ் கணக்குக்குக் கூலி. மாமா இறந்தபோது அவர் பெயரில் ஒரு பாலிசி இருந்தது. அந்த நிறுவனம் அப்போதுதான் தன் தளத்தை அழகாகப் புதுப்பித்திருந்தது. நிஜமாகவே அழகு. நானே பொறாமைப்பட்டேன். க்ளெய்ம் எல்லாம் இனி ஆன்லைனில்தான், ரொம்ப ஈசி என்று கிளை அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தை போன் தெரியாதவர் இல்லை. போன் முழுக்கத் தமிழில் இருக்கும். யூட்யூபில் பேசியே தேடுவார். மகன் அனுப்புகிற பணத்தை ஜிபேயில் பார்த்துக்கொள்வார். ஆனால் அந்தத் தளத்தைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போனார். அங்கிருந்த பையனிடம் ஆதார், பேங்க் பாஸ்புக், போன் மூன்றையும் கொடுத்தார். ஓடிபி வர வர அவனே பார்த்து அடித்துக்கொண்டான். நல்ல பையன். திருடவில்லை. ஆனால் அவசரத்தில் ஒரு இடத்தில் தப்பாகப் போட்டுவிட்டான். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்ற கேள்விக்கு 'அதர்' என்று அழுத்தியிருக்கிறான். க்ளெய்ம் மாசக்கணக்கில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று வந்த மெயிலும் ஆங்கிலத்தில், அதுவும் அந்தப் பையன் உருவாக்கிக் கொடுத்த மெயில் ஐடிக்கு.

மாசித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாரியம்மன் கோயில் பக்கம் மைக் செட்டு அலறிக்கொண்டிருக்க, திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தோம். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த டிராப்டவுனை மேலும் கீழும் பார்த்தார்.

"மருமகனே, இதுல பொண்டாட்டின்னு எங்கய்யா இருக்கு?"

"இந்தா அத்தை, இது. ஸ்பௌஸ்."

"வொய்ஃப்னு போட்டா எனக்கே தெரியுமே. இது என்ன ஸ்பௌசு?"

என்னிடம் பதில் இல்லை. ஸ்பௌஸ் என்ற சொல்லை நானே எத்தனை பாரத்தில் போட்டிருக்கிறேன்! ஒரே சொல்லில் கணவன், மனைவி ரெண்டும் அடங்கிவிடும், ஒரு வரி மிச்சம். அந்த ஒரு வரியை மிச்சம் பிடித்ததில், இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் 'அதர்' ஆகிப்போனார். கடைசியில் திண்டுக்கல் போய் அலுவலகத்தில் நேரில் உட்கார்ந்து சரிசெய்தோம். அத்தைக்கு ரெண்டு நாள் கூலி போனது.

இதில் பணத்தைவிட என்னைப் பயமுறுத்தியது ஓடிபி. 'ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்' என்று ஓயாமல் எச்சரிக்கிறார்கள். அத்தைக்கு அந்த எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது? ஆங்கிலத்தில். அதைப் படித்துச் சொன்னவன் யார்? அந்தப் பையன். பூட்டின் மேல் எழுதியிருக்கிற எச்சரிக்கையைத் திருடனாக இருக்கக்கூடிய ஒருவனிடமே கொடுத்துப் படிக்கச் சொல்கிற பாதுகாப்பு ஏற்பாடு இது. மொழியை நாங்கள் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' தலைப்பில் போட்டு வைத்திருக்கிறோம். அதைச் செக்யூரிட்டி தலைப்பில் போட வேண்டும். புரியாத தளம் ஒவ்வொரு விதவையையும் ஒவ்வொரு பென்ஷன்காரரையும் தன் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வைக்கிறது. நாளைக்கு யாராவது ஏமாற்றினால், 'வாடிக்கையாளரே ஓடிபியைக் கொடுத்துவிட்டார், நாங்கள் பொறுப்பில்லை' என்பார்கள்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். கொஞ்ச வருஷம் முன்னால் இதேபோல ஒரு நிதி நிறுவனத்தின் தளத்தைப் புதுப்பிக்கும் டீமில் நானும் இருந்தேன். டீமில் பாதிப் பேர் தமிழ் ஆட்கள். டீ குடிக்கும்போது கீழடி பேசுவோம், ஜெயமோகனா சாருவா என்று சண்டை போடுவோம். 'ரீஜனல் லாங்குவேஜ் சப்போர்ட்' என்று ஒரு டிக்கெட் வந்தது. சோதனைக்காகத் தமிழ்ச் சொற்களை ஏற்றிப் பார்த்தோம். 'பே நவ்' என்பதற்காகச் செய்த பட்டனில் 'இப்போதே செலுத்துங்கள்' உட்காரவில்லை, ரெண்டு வரியாகி வெளியே பிதுங்கியது. பட்டனை அகலப்படுத்த ஒரு நாள் வேலை. நான்தான் சொன்னேன்: "இது ஃபேஸ் டூல பாத்துக்கலாம்." ப்ரையாரிட்டி மூன்று போட்டு பேக்லாக்கில் தள்ளியதும் நான்தான். ஃபேஸ் டூ வரவே இல்லை. எந்த கம்பெனியிலும் வந்ததாக நான் பார்த்ததில்லை. டெல்லியிலிருந்து யாரும் போன் பண்ணி, தமிழை எடு என்று சொல்லவில்லை. நத்தத்தில் பிறந்த, தமிழ்க் கட்டுரை எழுதுகிற ஒருத்தன் ஒரு நாள் வேலைக்குச் சோம்பல்பட்டு எடுத்தான்.

எங்கள் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் எனக்கு மனப்பாடம், நானே சொன்னவைதானே.

முதல் சமாதானம்: 'டேட்டா பாருங்க, தமிழ் யூசரே கிடையாது.' தமிழே இல்லாத தளத்துக்குத் தமிழ் மட்டும் தெரிந்தவர் எப்படி வருவார்? பஸ் நிற்காத ஸ்டாப்பில் ஆளே நிற்பதில்லை, அதனால் அங்கே பஸ் தேவையில்லை என்று சொல்கிற கணக்கு இது. அத்தை உள்ளே போனது பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரிலிருந்து. டேட்டாவில் அவர் ஆங்கிலம் தெரிந்த டெஸ்க்டாப் யூசர்.

ரெண்டாவது: 'செலவு.' டீக்கடைக்குப் போங்கள். பணம் போட்டதும் கல்லாப்பெட்டி மேல் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் தமிழில் தொகையைச் சொல்கிறது. ஜிபே, போன்பே தமிழில் இருக்கின்றன. ஸ்டேட் பேங்க் ஏடிஎம்மில் கார்டைச் செருகினால் தமிழ் கேட்கிறது. டிவியில் காப்பீட்டு விளம்பரம் கண்ணீர் வருகிற தமிழில் ஓடுகிறது. ஆக, நம்மிடம் விற்கிற இடத்துக்கும், நம் பணம் நகர்கிற இடத்துக்கும் தமிழ் வந்துவிட்டது. நமக்குத் திருப்பித் தர வேண்டிய இடத்தில்தான் செலவு கட்டுப்படியாகவில்லை.

மூன்றாவது: 'கூகுள் ட்ரான்ஸ்லேட் இருக்கே.' காப்பீடு என்பது ஒப்பந்தம். அதில் ஒரு சொல் மாறினால் குடும்பம் மாறும். 'நாமினி' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷினாக இருந்தாலும் மனிதனாக இருந்தாலும் தமிழில் சுலபமாக 'வாரிசு' என்று போட்டுவிடலாம். நாமினி வேறு, வாரிசு வேறு. நாமினி பணத்தை வாங்கிக் கொள்ளும் ஆள் மட்டுமே, அது சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர வேண்டியது என்று 1983-இலேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2015-இல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளை நாமினியாகப் போட்டால் பணம் அவர்களுக்கே உரியது என்று ஒரு தனி வகையைக் கொண்டுவந்தார்கள். அப்படியானால் தம்பியை நாமினியாகப் போட்டவர் வீட்டில் 'வாரிசு' என்ற மொழிபெயர்ப்பு என்ன வேலை பார்க்கும் என்று யோசியுங்கள். 'சரண்டர்' இன்னொன்று. அது 'சரணடை' என்று வந்தால் சிரிக்கலாம். ஆனால் அவசரத்துக்குப் பணம் தேடுகிறவர் 'லோன்' எது, 'சரண்டர்' எது என்று தெரியாமல் அழுத்தினால் சிரிக்க முடியாது. பாலிசியே முடிந்துவிடும், கட்டியதைவிடக் குறைவாகக் கிடைக்கவும் வாய்ப்புண்டு.

இந்த இடத்தில் இலக்கிய நண்பர்களையும் கொஞ்சம் உரச வேண்டியிருக்கிறது. தமிழ் வேண்டும் என்று நாம் கேட்டு, அவர்களும் கொடுத்துவிட்டால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 'நியமனதாரர் விவரங்களை உள்ளீடு செய்து சமர்ப்பிக்கவும்.' அத்தை அதையும் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டுவார். பாலிசி, பிரீமியம், டியூ, பாண்டு, நாமினி, க்ளெய்ம் எல்லாம் நத்தம் சந்தையில் புழங்குகிற தமிழ்ச் சொற்கள். அவற்றைத் தமிழ் எழுத்தில் போட்டால் போதும். வினைச்சொல்லைத்தான் நம் வாயிலிருந்து எடுக்க வேண்டும். 'இப்போதே செலுத்துங்கள்' எதற்கு? நம் ஊரில் யாராவது கரண்டு பில்லைச் செலுத்துகிறார்களா? கட்டுகிறார்கள். 'பணம் கட்ட' என்று எழுதினால் அந்தப் பட்டனில் அழகாக உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. பட்டன் சிறியது என்று தமிழைக் குறை சொன்னேன். உண்மையில் சிறுத்துப்போயிருந்தது எனக்குத் தெரிந்த தமிழ். சரண்டர் பட்டனுக்கு அடியில் ஒரு வரி: 'பாலிசி இதோடு முடிந்துவிடும். கட்டியதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம்.' இதை எழுத அகராதி தேவையில்லை. படிக்கிறவர் மேல் கொஞ்சம் அக்கறை தேவை.

எனவே அடுத்த முறை ஏதாவது கார்ப்பரேட் தளம் புதுசாக வந்து, எல்லாரும் வண்ணத்தையும் எழுத்துருவையும் மெச்சிக்கொண்டிருக்கும்போது, என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது. நத்தம் பஸ் ஸ்டாண்டில் தமிழில் போன் வைத்திருக்கிற ஐம்பது வயசு ஆள் ஒருவரை நிறுத்துங்கள். மூன்று வேலை கொடுங்கள். அடுத்த டியூ எப்போது, எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். பணம் கட்டச் சொல்லுங்கள். ஒரு க்ளெய்மை ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மூன்றையும் அவர் தன் போனை அடுத்தவர் கையில் கொடுக்காமல் முடித்தால் அந்தத் தளம் தேறியது. இல்லையென்றால் அது வாங்கிய அவார்டு எதுவாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

இந்தி பட்டனைப் பார்த்து நமக்கு வந்த கோபம் உண்மையானது. அதில் பாதியாவது ஆங்கில பட்டனைப் பார்க்கும்போதும் வர வேண்டும். வராததற்குக் காரணம், அந்த ஆங்கிலம் நமக்குத் தெரியும். நாம் யாருக்காகப் போராடினோம் என்பது அதிலிருந்தே தெரிகிறது.

நான் இப்போதும் அதே வேலையில்தான் இருக்கிறேன், கம்பெனி மட்டும் வேறு. திருவிழா முடிந்து பெங்களூர் திரும்பியதும் எங்கள் பேக்லாக்கில் தேடினேன். இங்கேயும் ஒரு டிக்கெட் இருந்தது, அதே 'ஃபேஸ் டூ'. யாரோ இன்னொரு தமிழ்ப் பையன் தள்ளி வைத்தது. எடுத்து ப்ரையாரிட்டி ஒன்று போட்டேன். மறுநாள் மேனேஜர் மூன்றாக்கினார். நான் திரும்ப ஒன்றாக்கினேன், கூடவே அத்தையின் கேள்வியைத் தமிழிலேயே கமென்ட்டில் எழுதினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னய்யா எழுதியிருக்கே, புரியலையே என்று மெசேஜ் போட்டார்.

ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாருங்க சார் என்று பதில் போட்டிருக்கிறேன். டிக்கெட் இன்னும் திறந்தே இருக்கிறது. உங்கள் கம்பெனியிலும் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள்.